ராமானுஜன் கதையில் எனக்குச் சொல்லப்படாத ஐந்து ஆண்டுகள்

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் கணித ஆசிரியை ஸ்ரீனிவாச ராமானுஜனின் கதையைச் சொன்னார். கும்பகோணத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தார், கணக்கில் புலி, இங்கிலாந்துக்குப் போனார், 1729 என்ற டாக்சி எண்ணைக் கேட்டதும் அதன் சிறப்பைச் சட்டென்று சொன்னார், 32 வயதில் இறந்தார். பள்ளிப் புதிர்ப் போட்டிக்கு அது போதுமாக இருந்தது. அந்தக் கதையில் ராமானுஜன் ஒரு தேர்வில்கூடத் தோற்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக விடுதி அறையில் உட்கார்ந்து என் இரண்டாம் தவணைத் தேர்வு முடிவைத் திறந்தேன். முதல் தவணையில் 2.30 எடுத்திருந்தேன். இந்தத் தவணையில் 1.50. இரண்டும் சேர்ந்த சி.ஜி.பி.ஏ. 1.90. அது 2.00-க்குக் கீழே இறங்கிவிட்டதால், புரோபேஷன் என்று நாங்கள் சொல்லும் கல்விக் கண்காணிப்பு நிலையில் நான் வைக்கப்பட்டிருப்பதாகக் கீழே ஒரு வரி இருந்தது. அடுத்த தவணையிலும் இப்படியே போனால் படிப்பே நின்றுபோகலாம். கல்விக் கடனும் தடைபடலாம்.

நான் கணினியியல் மாணவன். நிரல் எழுதுவது எனக்கு உயிர். விடிய விடிய அதையே செய்துகொண்டிருப்பேன். புள்ளியியல், தனிநிலைக் கணிதம், ஆங்கில அறிக்கை எழுதும் பாடம் ஆகியவற்றைத் தேர்வுக்கு முந்திய வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். இரண்டு பாடங்களில் தோல்வி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் முன் நூலகத்தில் ராமானுஜனைப் பற்றிய தடிமனான ஒரு நூலை எடுத்தேன். வெற்றி பெற்ற ஒருவரைப் பற்றிப் படித்தால் தெம்பு வரும் என்று நினைத்தேன். ஆசிரியை சொன்ன கதையில் இல்லாத ஐந்து ஆண்டுகள் அதில் இருந்தன. அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதல் மாணவன்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதினார். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சிறிது சம்பாதித்தார்.

1897-இல் தொடக்கநிலைத் தேர்வில் அவர் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். பிறகு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பதின்மூன்று வயதில், கல்லூரி மாணவர்கள் படிக்கும் திரிகோணமிதி நூலைத் தாமாகவே முடித்தார். 1903 வாக்கில், ஜி.எஸ்.கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய 5,000 தேற்றங்களும் சூத்திரங்களும் அதில் வரிசையாக இருந்தன. நிறுவல்கள் மிகக் குறைவு. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக எழுதப்பட்ட அந்த நூலை, ஒவ்வொரு வரியையும் தாமே நிறுவிப் பார்க்க வேண்டிய சவாலாக ராமானுஜன் எடுத்துக்கொண்டார்.

1904-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான பரிசு அவருக்குத்தான். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது. எங்கள் ஆசிரியை சொன்ன கதை இதுவரை சரி. அங்கிருந்து ஒரே தாவலில் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார்.

உதவித்தொகை பறிபோனது

அந்தக் காலத்தில் கல்லூரியின் முதல் படி எஃப்.ஏ. என்ற இரண்டாண்டுப் படிப்பு. கணிதம் மட்டும் போதாது. ஆங்கிலம், கிரேக்க - ரோமானிய வரலாறு, சமஸ்கிருதம், உடலியல் என்று எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் மொத்தமும் தோல்வி.

ராமானுஜனுக்குக் கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மற்ற வகுப்புகளில் உட்கார்ந்திருப்பார். கை சூத்திரங்களை எழுதிக்கொண்டிருக்கும். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோற்றார். உதவித்தொகை நின்றது. தாயார் கல்லூரி முதல்வரை நேரில் பார்த்து வாதாடினார். விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரிக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம் அது.

சில மாதங்கள் எப்படியோ வகுப்புக்குப் போய்வந்தார். 1905 ஆகஸ்டில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 17.

இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். நான் எங்கும் ஓடவில்லை. வீட்டில்தான் இருந்தேன். ஆனாலும் மூன்று வாரமாக அப்பா முடிவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ரயிலேறிச் செய்ததை நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே செய்துகொண்டிருந்தேன்.

ஒரே தவறு, மூன்று முறை

ராமானுஜன் வீடு திரும்பினார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் எஃப்.ஏ. சேர்ந்தார். புது ஊர், புதுக் கல்லூரி. அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த கணித ஆசிரியர் வியந்து முதல்வரிடம் அழைத்துப் போனார். பகுதி உதவித்தொகையும் கிடைத்தது. இரண்டாவது வாய்ப்பு இதைவிட நன்றாக அமைய முடியாது.

ஆனால் படிக்கும் முறை மட்டும் மாறவில்லை. மூன்று மணி நேரக் கணிதத் தாளை அவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். உடலியல் பாடத்தில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. செரிமானம் பற்றிய கேள்விக்கு, அந்தப் பாடம் தனக்குச் செரிக்கவில்லை என்ற பொருளில் விடைத்தாளில் வேடிக்கையாக எழுதிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. இடையில் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து மூன்று மாதம் ஊரில் கிடந்தார். 1906 டிசம்பரில் தேர்வு எழுதித் தோற்றார். 1907-இல் கல்லூரியில் சேராமல் தனியாக எழுதினார். அப்போதும் தோல்விதான்.

கும்பகோணத்தில் ஒன்று, சென்னையில் இரண்டு. காரணம் மூன்றிலும் ஒன்றே. இந்த இடத்தில் நான் ராமானுஜனுக்குப் பரிந்து பேச விரும்பவில்லை. மேதைகளுக்குத் தேர்வு தேவையில்லை என்று சிலர் இந்தக் கதையை வைத்துச் சொல்வதுண்டு. நான் மேதையில்லை, பெரும்பாலும் நீங்களும் இல்லை. எனக்கு இதில் தெரிந்தது வேறு. ஒரு பாடத்தில் நாம் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது இன்னொரு பாடத்தை எழுதிக் கொடுக்காது. இடத்தை மாற்றிவிட்டு முறையை மாற்றாமல் மறுபடி எழுதினால், பழைய முடிவே மறுபடி வரும்.

திண்ணையில் கழிந்த காலம்

1907-க்குப் பிறகு ராமானுஜனிடம் பட்டம் இல்லை, வேலை இல்லை, பணமும் இல்லை. வீட்டுத் திண்ணையில் காலை மடித்து உட்கார்ந்து, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். தாள் விலை அவருக்கு எட்டவில்லை. நிறுவல்கள் சிலேட்டோடு அழிந்துபோயின.

மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்திப் பார்த்தார். பாடத்திட்டத்தை விட்டு எங்கோ போய்விடுவதால் அதுவும் நிலைக்கவில்லை. 1909 ஜூலையில் ஜானகி என்ற சிறுமியோடு திருமணம் செய்துவைத்தார்கள். அன்றைய வழக்கப்படி அவருக்குப் பத்து வயதுதான் இருக்கும். 1910 தொடக்கத்தில் ராமானுஜனுக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கட்டணம் கட்ட வழியில்லாததால் மருத்துவர் ஒருவர் இலவசமாகச் செய்தார்.

உதவித்தொகையை இழந்த காலத்திலிருந்து இதுவரை ஐந்து ஆண்டுகள். அந்தத் தெருவில் அவரைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? நல்லாப் படிக்கிற பையன், இப்படி ஆகிவிட்டானே என்றுதான். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் அத்தைமார்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

நோட்டுப் புத்தகத்தோடு புறப்பட்டார்

1910-இல் ராமானுஜன் ஒரு முடிவுக்கு வந்தார். தன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மனிதர்களைத் தேடிப் போனார். அவர் வாழ்க்கை திரும்பியது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் திருக்கோவிலூர். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி.ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது வருவாய்த் துறையில் ஒரு சின்ன எழுத்தர் வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரை அந்த வேலையில் போட்டு அடைத்துவிட மனம் வராமல், சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.வி.சேஷு ஐயர். அவர் முன்பு கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். அவர் வழியாக, நெல்லூர் மாவட்ட ஆட்சியர் ஆர்.ராமச்சந்திர ராவ். கணிதத்தில் நாட்டமுள்ள ராவ் முதலில் நம்பவில்லை. நோட்டிலிருப்பது உண்மையா ஏமாற்றா என்பதே அவருக்குத் தெரியவில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பினார். நண்பர் ஒருவர் விடாமல் மறுபடி அழைத்துப் போனார். இந்த முறை ராமானுஜன் எளிமையான முடிவுகளில் தொடங்கி, ஒவ்வொரு படியாக விளக்கிக் கடினமானவற்றுக்கு வந்தார். ராவ் அசந்துபோனார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடரும்படி உயிர்வாழ ஏதோ கொஞ்சம் போதும் என்றார் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார் ராவ்.

அந்தப் பணம் இருந்ததால் 1911-இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பெர்னூலி எண்கள் பற்றியது. அவர் எழுத்து மற்றவர்களுக்குப் புரியாததால், அந்தக் கட்டுரை திருத்தத்துக்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை அவரிடமே திரும்பி வந்தது. அதே ஆண்டு இதழ் வாசகர்களுக்கு ஒரு புதிர் கொடுத்தார். ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவேயில்லாமல் போகும் கோவை அது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் யாரும் விடை அனுப்பவில்லை. விடை வெறும் 3.

தொடர்ந்து ஒருவர் தயவில் வாழ ராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். மாலையில் இருவரும் சிலேட்டோடு உட்காருவார்கள். இரண்டு வரியில் தாவிச் செல்வதை நிறுத்தி, நடுவிலுள்ள படிகளை எல்லாம் எழுது, அப்போதுதான் என்னைப் போன்றவர்களுக்குப் புரியும் என்று அவர் வற்புறுத்துவார். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்த எழுத்தருக்காகப் பல இடங்களில் பேசினார்.

இவர்களில் யாரும் தனியாக ராமானுஜனைக் காப்பாற்றிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கடிதம் கொடுத்தார். ஒருவர் பணம் கொடுத்தார். ஒருவர் வேலை கொடுத்தார். ஒருவர் படிகளை எழுதக் கற்றுக்கொடுத்தார். விடாமல் கூட்டிப் போன அந்த நண்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கியது என்று பார்த்தால், நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ராமானுஜன் கதவைத் தட்டிய அன்றுதான்.

மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை

அடுத்து இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார். இரண்டு பெரிய பேராசிரியர்களிடமிருந்து உதவி எதுவும் கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி.எச்.ஹார்டிக்கு எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள் அந்தக் கடிதத்தில் இருந்தன. தான் பல்கலைக்கழகக் கல்வி இல்லாத ஓர் எழுத்தர் என்பதை முதலிலேயே மறைக்காமல் சொல்லிவிட்டார். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அன்றிரவே அந்தத் தாள்களை அலசினார்கள். பிப்ரவரி 8-ஆம் நாள் ஹார்டி பதில் எழுதினார். நிறுவல்களை அனுப்பும்படி கேட்டிருந்தார்.

அந்தப் பதில் சென்னையில் பல கதவுகளைத் திறந்தது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. ராமானுஜனோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம்தானே என்று வாதாடி, விதியைத் தளர்த்தச் செய்தார்கள். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். நிபந்தனை ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன செய்தார் என்று அறிக்கை கொடுக்க வேண்டும்.

ராமானுஜன் அந்த அறிக்கைகளை ஒழுங்காகக் கொடுத்தார். எஃப்.ஏ. வகுப்பில் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத அதே ஆள்தான். என்ன மாறியது? தான் செய்வதைப் படித்துப் பார்க்க ஒருவர் காத்திருக்கிறார் என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் என் புரோபேஷன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முதல் முறை படித்தபோது தண்டனை மட்டுமே கண்ணில் பட்டது. இந்த முறை மற்றவையும் தெரிந்தன. அடுத்த தவணையில் அதிகபட்சம் 12 கிரெடிட் மட்டும் எடுக்கலாம். கல்வி ஆலோசகரைக் குறித்த இடைவெளியில் சந்திக்க வேண்டும். தோற்ற பாடங்களை மறுபடி எடுக்கலாம். ராமானுஜனுக்காக ஐந்தாறு பெரிய மனிதர்கள் விதியை வளைக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்த வழி விதியிலேயே எழுதப்பட்டிருந்தது.

அன்றிரவு அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. அம்மா மட்டும், மூன்று வாரமாக நீ சரியாகச் சாப்பிடாததற்கு இதுதான் காரணமா என்று கேட்டார்.

கேம்பிரிட்ஜில் இன்னொரு சரிவு

1914 மார்ச் 17-ஆம் நாள் ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். கடல் கடக்கக்கூடாது என்ற குடும்பத் தடையைத் தாயாரே நீக்கினார். கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு சிக்கல். ராமானுஜனுக்கு நவீனக் கணிதத்தின் பல அடிப்படைகள் தெரியாது. நிறுவல் என்றால் என்ன என்பதே தெளிவாக இல்லை. வற்புறுத்திக் கற்பித்தால் அவருடைய தனித்திறன் கெட்டுவிடும் என்ற அச்சமும் ஹார்டிக்கு இருந்தது. எனவே தேவையானதை மட்டும், சேர்ந்து வேலை செய்யும்போதே மெல்லக் கற்றுக்கொடுத்தார். இடைவெளியை நிரப்ப ராமானுஜனும் வகுப்புகளுக்குப் போனார்.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி அடிப்படையில் பி.ஏ. பட்டம் அளித்தது. மூன்று முறை எஃப்.ஏ. தேறாதவருக்கு அதுதான் முதல் பட்டம். ஹார்டியோடு சேர்ந்து அவர் செய்த பணிகளில் ஒன்று எண்களின் பிரிவினை பற்றியது. 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக 5 வகையில் எழுதலாம். 100 என்ற எண்ணை எத்தனை வகையில் எழுதலாம்? 190,569,292. இந்த எண்ணிக்கையை வியக்கத்தக்க துல்லியத்தோடு கணக்கிடும் சூத்திரத்தை இருவரும் 1918-இல் வெளியிட்டார்கள்.

அதற்குள் அவர் உடலும் மனமும் ஒடிந்திருந்தன. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. சைவ உணவு கிடைப்பது கடினம்; தாமே சமைத்து, நேரம் தவறிச் சாப்பிட்டார். ஊரில் தாயாருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை; மனைவியின் கடிதங்கள் அவரை வந்து சேரவில்லை. 1917-இல் நோயில் விழுந்து, மருத்துவ விடுதி மாற்றி மருத்துவ விடுதியாக இருந்தார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர் பதவிக்கான முதல் முயற்சியும் தோற்றது. யாரிடமும் மனம்விட்டுப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. 1918 தொடக்கத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். ஹார்டி ஓடிவந்து துணை நின்றார்.

இந்தப் பகுதியை எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் இதை விட்டுவிட்டால் எங்கள் ஆசிரியை சொன்ன கதையைப் போல இதுவும் பாதிக் கதையாகிவிடும். உலகமே வியந்த மனிதர், படிப்பில் மீண்டு வந்த பிறகு, தனிமையில் மறுபடி விழுந்தார். மதிப்பெண் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு அப்படி ஒரு பாரம் இருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசிச் சேவை இருக்கிறது. அறைத்தோழராகவும் இருக்கலாம்.

சில வாரங்களில், பிரிட்டனின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்போகும் செய்தி வந்தது. 1918 அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியர் ஆனார். 1919-இல் தாயகம் திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் கணிதத்துக்கு முற்றிலும் புதிய ஒரு பிரிவைத் தொடங்கிவைத்தார். ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அவருடைய கடைசி ஆண்டின் தாள்களை 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுத்தார்.

என் நோட்டுப் புத்தகம்

விடுமுறை முடிந்து திரும்பியதும் கல்வி ஆலோசகரின் கதவைத் தட்டினேன். எந்தப் பாடத்தில் எங்கே தவறினேன் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு வாரத்தில் எதற்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறேன் என்று எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தேன். நிரல் எழுதுவதற்கு 31 மணி நேரம்; புள்ளியியலுக்கு ஒன்றரை. நானே வெட்கப்பட்டேன்.

12 கிரெடிட் மட்டும் எடுத்தேன். தோற்ற இரண்டு பாடங்களும் அதில் அடங்கும். தனிநிலைக் கணிதத்தில் நன்றாகச் செய்த மூத்த மாணவி ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நடுவிலுள்ள படிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் என் பழக்கத்தைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டபோது, நாராயண ஐயர் நினைவுக்கு வந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரிடம் போனேன். சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்திலும் போனேன்.

அந்தத் தவணையில் 2.70. மொத்தம் 2.10. பெரிய சாதனை இல்லை. சிறப்பு நிலைப் பட்டியலில் என் பெயர் வரப்போவதும் இல்லை. ஆனால் புரோபேஷன் வரி இந்த முறை முடிவுத் தாளில் இல்லை. அப்பா அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டார்.

ராமானுஜன் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1919 தொடக்கத்தில், இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அறிவித்தது. நன்றி சொல்லிப் பதில் எழுதிய ராமானுஜன், அது தன் தேவைக்கு அதிகம் என்றும், ஆண்டுக்கு 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுத்து, தன் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், புத்தகம் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்றும் கேட்டுக்கொண்டார். 32 ரூபாய் கட்ட முடியாமல் கும்பகோணத்தில் ரயிலேறிய பையனை அவர் மறக்கவில்லை.

எங்கள் துறையில் இந்தத் தவணை முதலாண்டு மாணவர்கள் மூன்று பேர் கண்காணிப்பு நிலையில் இருக்கிறார்கள். புதன்கிழமை மாலைகளில் நூலகத்தின் இரண்டாம் மாடியில் அவர்களோடு உட்காருகிறேன். எனக்குத் தெரிந்த தனிநிலைக் கணிதம் அவ்வளவு பெரியதில்லை. படிகளை விடாமல் எழுதச் சொல்லிக்கொடுக்க அது போதும்.